எல் போட்டுக்கும் லைசனுக்கும் நடுவில் மூன்று மாதம்

கொழும்பில் யாரிடமாவது "டிரைவிங் பழகிவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ட்ரயல் பாஸ்" என்றுதான் பதில் வரும். கேட்டது பழகியதைப் பற்றி, சொன்னது பரீட்சையைப் பற்றி. நானும் பல வருடம் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு ஸ்கூட்டர் கேட்கத் தொடங்கினான். "மாமா, லேர்னர்ஸ்ல பதிஞ்சா அவங்களே எல்லாம் பாத்துக்குவாங்க தானே?" என்றான். லேர்னர்ஸ் என்பது இங்கே வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளி. அவனுக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக யோசித்தேன். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கும், பிள்ளையைப் பழகவிடப் போகிற பெற்றோருக்கும் இது உதவும்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். சாரதி அனுமதிப்பத்திரம் தருவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள், 2009இல் வந்தது அதில் பெரிய திருத்தம். கொழும்புக்காரருக்கு லைசன் என்றால் நினைவுக்கு வரும் ஊர், அந்தத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கும் வெரஹெர. அங்கே போவதற்கு முன் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். இதைப் பலர் வெறும் முத்திரை வேலையாக நினைக்கிறார்கள். தனக்குத் தூரப்பார்வை குறைவு என்பதையே அந்த வரிசையில் நின்றபோதுதான் கண்டுபிடித்தவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். அதுவரை பஸ்ஸின் இலக்கம் எல்லோருக்கும் அப்படித்தான் கலங்கலாகத் தெரியும் என்று நம்பியிருந்தாராம்.

அடுத்தது எழுத்துப் பரீட்சை. 40 கேள்விகள், விடையைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழிலும் எழுதலாம். சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும், அது ஒன்றரை வருடம் செல்லுபடியாகும். அதைக் கையில் வாங்கி மூன்று மாதம் கழிந்த பிறகுதான் செய்முறைப் பரீட்சைக்கு, அதாவது ட்ரயலுக்குப் போக முடியும். வாகனத்தில் முன்னும் பின்னும் எல் போட், அதாவது பழகுகிறவர் ஓட்டுகிறார் என்று காட்டும் "எல்" எழுத்துப் பலகை. தனியே ஓட்ட அனுமதி இல்லை. 17 வயது முடிந்ததும் விண்ணப்பிக்கலாம், லைசன் கைக்கு வருவது 18இல்.

வாகன வகுப்பைக் கவனமாகப் பாருங்கள், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஏ1 என்பது 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு மேல் என்றால் ஏ. முச்சக்கர வண்டிக்கு பி1. கார், வான் எல்லாம் பி. கடையில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 அல்லது 125 சிசி. "சின்ன ஸ்கூட்டிதானே" என்று ஏ1 மட்டும் எடுத்தால் அதை ஓட்ட முடியாது. கார் லைசன் வைத்திருக்கிற அப்பா மகளின் ஸ்கூட்டரைக் கடைக்கு எடுத்துப் போவதும் இதே கணக்குத்தான். லைசன் இல்லாத வகுப்பில் ஓட்டி எதிலாவது மோதினால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சரி, அந்த மூன்று மாதம் எதற்கு? சட்டம் வெறுமனே காத்திருக்கச் சொல்லவில்லை. ஓடிப் பழகு, பிறகு வா என்கிறது. நடப்பது வேறு. முதல் இரண்டரை மாதம் எல் போட் வீட்டு அலுமாரிக்கு மேல் தூங்கும். ட்ரயல் திகதி நெருங்கியதும் பத்துப் பன்னிரண்டு வகுப்பை இரண்டு கிழமைக்குள் அடுக்கிவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் பழகினேன். என் பயிற்றுநர் நல்ல மனிதர், ஆனால் அவர் சொல்லித் தந்தது ட்ரயலை. "அந்த மூன்றாவது கம்பம் சைட் கண்ணாடியில தெரியுதா? இப்ப ஸ்டியரிங்கை முழுசா ஒடி." கம்பம் தெரிந்தது, ஒடித்தேன், வண்டி அழகாகப் பின்னால் போய் நின்றது. பாஸ். அடுத்த கிழமை பம்பலப்பிட்டியில் பஸ் ஒன்று என் முன்னால் வெட்டி நின்றபோது பார்ப்பதற்குக் கம்பம் ஒன்றும் இல்லை. வண்டி நடுவீதியில் நின்றுபோனது. பின்னால் ஹோர்ன் சத்தம். கிளச்சை விட்டு, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி நின்று, வியர்த்து வழிந்து அங்கிருந்து விலகியபோது எனக்கு ஒன்று விளங்கியது. எனக்கு விதி தெரியும், ஓரளவு கையும் பழகியிருந்தது, கண் மட்டும் பழகவே இல்லை.

பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லும்போது இந்த மூன்றையும்தான் சொல்கிறோம். விதியை எழுத்துப் பரீட்சை சோதிக்கிறது. கையை ட்ரயல் சோதிக்கிறது. வரப்போகும் ஆபத்தை அது வருவதற்கு முன்னால் காண்கிற கண்ணை இங்கே யாரும் தனியாகச் சோதிப்பதில்லை. பிரித்தானியாவில் 2002 முதல் அதற்கென்றே ஒரு பகுதியைப் பரீட்சையில் சேர்த்திருக்கிறார்கள். திரையில் ஒரு வீதி ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும், பிந்தினால் புள்ளி குறையும்.

நம்மூர் உதாரணம் ஒன்று. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் காலி வீதியில் போகிறீர்கள். இடது பக்கம் ஒரு பஸ் பாதசாரிக் கடவைக்குக் கிட்ட நின்றுவிட்டது. பழகாத கண்ணுக்கு அது நிற்கிற பஸ், முந்திப் போகலாம். பழகிய கண்ணுக்கு அது ஒரு கேள்வி: ஏன் நிற்கிறது? பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் மரக்கறிப் பையோடு ஓர் ஆச்சி நடந்துகொண்டிருக்கலாம். பஸ் மறைப்பதால் அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் தெரியும் நேரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை.

ஏன் பயனில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு. நகரத்துக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீற்றர் நகர்கிறீர்கள். கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்குக்குப் போக நல்ல கவனத்தில் இருந்தாலும் ஒரு வினாடி எடுக்கும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த வீதியில் இன்னும் ஒரு 14 மீற்றர். ஆக 28 மீற்றர், இரண்டரை பஸ் நீளம். நனைந்த வீதி என்றால் 40 மீற்றருக்குக் கிட்டப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, வேகம் கூடும் அளவுக்கு மட்டும் பிரேக் தூரம் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தில் கூடுகிறது. 50இல் 14 மீற்றர் எடுத்த பிரேக் 70இல் கிட்டத்தட்ட 28 எடுக்கும். போனைப் பார்த்துவிட்டு நிமிர்கிற இரண்டு வினாடியை இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. அது ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று மனதுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிகக் கிட்ட ஓடுகிறீர்கள். மழையில் நான்கு வரை எண்ணலாம். "கொழும்பில் அவ்வளவு இடம் விட்டால் ஓட்டோ புகுந்துவிடும்" என்பார்கள். புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும். மறுபடி இடைவெளி விடுங்கள். அலுவலகத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தும், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2000க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள், அதில் ஆகப்பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆனால் பயிற்சி என்று பார்த்தால் காருக்குப் பத்து வகுப்பு, பைக்குக்குப் பக்கத்து வீட்டு அண்ணாதான். இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குள்ளான ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ பழகியவர்கள். ஆபத்து நேரத்தில் அவர்கள் செய்த பொதுவான தவறையும் அந்த அறிக்கை சொல்கிறது: பின் பிரேக்கை மிதித்துச் சில்லை இறுக்கிவிட்டு, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த முன் பிரேக் பயம் நம்மூரில் பரம்பரைச் சொத்து. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்" என்று சொல்லாத மாமா உண்டா? உண்மையில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பஸ் சடுதியாக நின்றால் நாம் முன்னால் சரிவதைப் போல. பாரம் ஏறிய முன்சில்லு வீதியை நன்றாகப் பற்றுகிறது, பாரம் குறைந்த பின்சில்லு இலேசாகி வழுக்குகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் பிரேக்குடையது. தூக்கி எறிவது முன் பிரேக் இல்லை, அதை வெடுக்கென்று பிடிப்பது. பாரம் சாய்வதற்கு முன்பே சில்லு இறுகிவிட்டால் வழுக்கத்தான் செய்யும்.

இதை நான் மருமகனுக்குத் தேசிக்காயை வைத்துச் சொன்னேன். தேசிக்காயை ஒரே அடியாக நசுக்கினால் விதையும் சாறும் முகத்தில் தெறிக்கும். முதலில் மெதுவாகப் பிடித்து, இறுக்கம் ஏற ஏறப் பிழிந்தால் கடைசிச் சொட்டு வரை வரும். பிரேக் பிடியும் அப்படி. ஒரு போயா நாள் காலை ஆறு மணிக்குத் தெரிந்தவர் ஒருவரின் வெறும் காணிக்குப் போனோம். முதலில் 20 கிலோமீற்றர் வேகம், பிறகு 30. நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். முதல் தடவை பின் பிரேக்கை மட்டும் பிடித்தான், டயர் மண்ணில் ஒரு கோடு கீறி வால் பக்கவாட்டில் போனது. ஏழாவது தடவையில் முன்பக்க ஷொக் மெதுவாகக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கோடு இல்லை, ஆட்டம் இல்லை, முந்தி நின்ற இடத்துக்கு மூன்று எட்டு முன்னதாகவே நின்றது. இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும், நெருக்கடியில் கை யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். (ஸ்கூட்டரில் வலக்கைப் பிடி முன் பிரேக், இடக்கைப் பிடி பின் பிரேக். சில புதிய ஸ்கூட்டர்களில் இடப் பிடியைப் பிடித்தாலே முன்னதும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். கியர் வண்டியில் பின் பிரேக் வலக்காலில். எடுத்த வண்டி எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.)

கொழும்புக்கென்றே இரண்டு பொறிகள் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இவற்றுக்கு அதிக இடம் இல்லை. ஒன்று பஸ்ஸின் இடப்பக்கம். 100ஆம் இலக்கமும் 101ம் போட்டி போட்டு ஓடும் நேரத்தில் பஸ் ஓரத்துக்கு வராமலேயே நிற்கும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு பைக் போகிற அளவு சந்து தெரியும். அந்தச் சந்து வீதி இல்லை, அது படிக்கட்டு. மிதிபலகையில் நிற்பவர் பின்னால் பார்க்காமல் குதித்து இறங்குவார், பார்க்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது. இடப்பக்கம் முந்துவது குற்றமும்கூட. இரண்டாவது ஓட்டோ. ஆள் கைகாட்டினால் அது எந்தக் கோட்டிலிருந்தும் ஓரத்துக்குப் பாயும், எந்த இடத்திலும் திரும்பும். சிக்னல் லைட்டை நம்பாதீர்கள், முன்சில்லைப் பாருங்கள். ஓட்டோவின் முன்சில்லு திரும்பத் தொடங்கிய பிறகுதான் உடம்பு திரும்பும். அரை வினாடி உங்களுக்கு மிச்சம்.

கார் பழகுகிறவர் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். நிறுத்தியிருக்கும் காரில் சாரதி இருக்கையில் உட்கார்ந்து, பின்னாலிருந்து ஒருவரைக் குடை பிடித்தபடி வலப்பக்கமாக மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். முதலில் நடுக் கண்ணாடியில் தெரிவார், பிறகு பக்கக் கண்ணாடியில். அப்புறம் ஓர் இடத்தில் குடையோடு சேர்ந்து காணாமல் போவார். அந்த இடத்தில்தான் நாளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கப்போகிறது. கோடு மாறுவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒரு தடவை திரும்பிப் பார் என்று பயிற்றுநர் சொல்வது இதற்காகத்தான். இருசக்கர வண்டியில் போகிறவருக்கும் இதில் பாடம் உண்டு: முன்னால் போகும் சாரதியின் முகம் உங்களுக்கு அவர் கண்ணாடியில் தெரியாவிட்டால், உங்களை அவருக்குத் தெரியாது.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. ஆபத்தானது கொட்டும் மழையைவிட முதல் பத்து நிமிடத் தூறல். வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவுப்படாமல் சேறாகக் குழைந்து நிற்கும் நேரம் அது. வர்ணம் பூசிய கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றும் நனைந்தால் சவர்க்காரம்தான். நுகேகொடை ரயில் கடவை போன்ற இடங்களில் தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்காமல், முடிந்தவரை நேர்குத்தாக, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். மரீன் டிரைவ் பக்கம் வீதியோரத்தில் சேரும் கடற்கரை மணலும் இதே வேலையைச் செய்யும், அதற்கு மழைகூடத் தேவையில்லை.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எதை வாங்குவது என்பதுதான். எஸ்.எல்.எஸ். 517 என்ற இலங்கைத் தர இலக்கத்தைப் பாருங்கள். முகம் முழுக்க மூடுவது நல்லது, விழும்போது தாடை தனியாகத் தப்பிவிடுவதில்லை. 2015இல் முகத்தை முழுதாக மூடும் கவசத்தைத் தடைசெய்யப் பார்த்தார்கள், கொள்ளையர் அடையாளம் தெரியாமல் தப்புகிறார்கள் என்பது காரணம். விடயம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வந்தது. தலைக்கவசம் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆனால் நாடிப் பட்டியைப் பூட்டினால்தான் இந்தக் கணக்கு. பொலிஸைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பது தொப்பி. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவைதான் நசுங்கித் தரும். காரில் முன் இருக்கைகளுக்குப் பட்டி 2011 முதல் கட்டாயம், பின்னால் இருக்கிற பிள்ளைக்கும் போட்டுவிட யாரும் சட்டம் காட்ட வேண்டியதில்லை.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், பல இடங்களில் லைசனை ஒரே நாளில் முழுதாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. நியூசிலாந்து 1987இல் படிப்படியான முறையைக் கொண்டுவந்தது: முதலில் பக்கத்தில் ஆளோடு, பிறகு தனியாக ஆனால் கட்டுப்பாடுகளோடு, அதன் பிறகே முழு அனுமதி. சிங்கப்பூரில் 200 சிசிக்குள் பழகி ஒரு வருடம் ஓட்டிய பிறகே 400 வரையான வகுப்பு, அதற்கும் ஒரு வருடம் கழித்தே அதற்கு மேல். பிரித்தானியாவில் 1990 முதல் எல் போட்டோடு பைக்கை வீதியில் இறக்குவதற்கு முன்பே கட்டாய அடிப்படைப் பயிற்சி, அந்த நிலையில் பின்னால் ஆள் ஏற்ற முடியாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டை நாம் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஒருவர் ஏறினால் பிரேக் தூரம், திரும்பும் சமநிலை எல்லாம் மாறும். முதல் மூன்று மாதத்துக்கு நண்பனை ஏற்றாதே என்று மருமகனிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. தங்கச்சியை டியூஷனுக்குக் கொண்டுபோக ஸ்கூட்டர் வேண்டும் என்பதுதான் அவன் அம்மாவிடம் வைத்த வாதமே.

எனவே எல் போட் கையில் வந்ததும் வகுப்புகளைக் கடைசி இரண்டு கிழமைக்குச் சேர்த்துவைக்காமல் கிழமைக்கு ஒன்றாகப் பரப்புங்கள். முதலில் கொழும்பு 7இன் அகலமான வீதிகள், பிறகு பின்னேர நேரத்துக் காலி வீதி, பிறகு மருதானை, புறக்கோட்டைப் பக்கம். ஒரு வகுப்பாவது இரவில். வண்டியில் சும்மா இருந்து போகும் நேரத்திலும் கண்ணைப் பழக்கலாம். "அந்த வான் கதவு திறக்கப்போகுது", "அந்தப் பையன் பந்துக்குப் பின்னால ஓடப்போறான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் என்ற இரண்டையும் போனில் போட்டுவைப்பதும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான்.

லேர்னர்ஸில் காசு கட்டுவதற்கு முன் எத்தனை வகுப்பு, ட்ரயலுக்கு வண்டி தருவீர்களா என்று கேட்பீர்கள். கூடவே, மழை பெய்தால் வகுப்பை நிறுத்துவீர்களா என்றும் கேளுங்கள். மருமகனுக்குப் பார்த்த இடத்தில் கேட்டபோது, "மழை எண்டா கோல் பண்ணிச் சொல்லுவம், வேற நாள் தருவம்" என்றார் அலுவலகத்துப் பெண். "அந்த நாள்லதான் வரணும்" என்றான் அவன். அவர் சற்று யோசித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் "மழை சரி" என்று எழுதிக்கொண்டார்.